தண்ணீர் வீட்டை விட்டுப் போன நாள்

நோன்புக் காலத்துக்கு முன்னால் பெண்கள் வேஷம் கட்டி ஆட்டம் போடும் திருவிழா வியாழக்கிழமை. முடிதிருத்தும் கடையில் மூச்சு விட நேரமில்லை. ஊர்வலத்தில் கோழி வேஷத்தில் போகவிருந்த ஓடென்தால் அம்மாளின் தலைமுடியைக் கோழிக்கொண்டை போலத் தூக்கி நிறுத்தி, ரோஸ்விதா சிவப்புச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் சாயம். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

உதவிக்கு இருந்த யூட்டா எடுத்துப் பார்த்து, "உங்க மருமக" என்று ரோஸ்விதாவின் காதில் வைத்தாள்.

"அத்தை, ஒரு உதவி. முடியாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள் தெக்லா.

"முடியாதுன்னு சொல்ற மாதிரி என்னத்தடி கேக்கப் போற?"

"வீட்டுக்குப் போய் ஜன்னலைத் திறந்து விடணும்."

எந்த வீடு என்று ரோஸ்விதா கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? இந்தக் குடும்பத்தில் வீடு என்றால் ஒன்றுதான். கீழே ஆற்றங்கரையில், பழைய வீட்டை வெள்ளம் தூக்கிக்கொண்டு போன அதே மனையில், மகன் அன்ஸ்கார் கட்டிக்கொண்டிருக்கும் வீடு.

அந்த வெள்ளத்தன்று மாலைதான் அவள் கணவர் எகான் மழைப் பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இரண்டு நாள் கழித்துத் திராட்சைத் தோட்டத்துக்குக் கீழே அவர் உடலைக் கண்டெடுத்தார்கள். ரோஸ்விதா மலைமேல் ஊரில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டாள். அதன் பிறகு மூன்று குளிர்காலம் வந்து போயிற்று. ஒரு தரம்கூட அவள் பள்ளத்தாக்குக்கு இறங்கியதில்லை. "கட்டிக்கோ. நல்லா இரு. என் கால் அந்த மண்ணுல படாது" என்று மகனிடம் சொல்லிவிட்டாள். கிறிஸ்துமஸ் அன்று தெக்லா புது வீட்டுச் சாவி ஒன்றை ரிப்பன் கட்டிக் கொடுத்தபோது நடந்த சண்டையும், அந்தச் சாவி கத்தரிக்கோல் டிராயருக்குள் போனதும் குடும்பத்தில் யாரும் மறந்த விஷயமல்ல.

"உனக்குத் தெரியும் தெக்லா. தெரிஞ்சே கேக்குற."

"தெரியும் அத்தை. வேற வழி இல்லாமத்தான் கேக்குறேன். எனக்குப் பதில் வர வேண்டிய நர்ஸ் வரல. திருவிழாவுக்கு ரோட்டையெல்லாம் அடைச்சிட்டாங்க, மீதி ரோட்டுல ஐஸ். நான் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பவே சாயங்காலம் ஆயிடும். அன்ஸ்கார் நடுக்கடல்ல கரண்டு எடுக்கிற காத்தாடி மேல வேலையில இருக்கான். புதுத் தரையைக் காய வைக்க சூடேத்திட்டு இருக்கோம்ல, இன்னிக்குத்தான் உச்ச சூடு. மதியம் திறந்து விடலைன்னா ஈரம் பூரா மேல ஏறிடும். போன வாரம் ஒரு நாள் தவறினதுக்கே மாடி மூலையில கருப்புப் பூசணம் பூத்துடுச்சு. இன்னிக்கு விட்டா கூரைப் பலகை அத்தனையும் ஊறிப் போயிடும்."

"அக்கம்பக்கத்துல யாரும் இல்லையா?"

"எல்லாரும் ஊர்வலத்துல இருக்காங்க. யாரும் போனை எடுக்கல." தெக்லாவின் குரல் கொஞ்சம் தடுமாறியது. "எனக்கு வேற யாரும் இல்லத்தை."

தெக்லா அழுகிற ரகமில்லை. எதிர்த்து வாயாடுகிற ரகம். அதுவே ரோஸ்விதாவை அசைத்தது. கையிலிருந்த சாயத்தைத் துடைத்துவிட்டு, கத்தரிக்கோல் டிராயரிலிருந்து சாவியை எடுத்தாள்.

"என்ன, என்னைப் பாதிக் கோழியா விட்டுட்டுப் போறியா?" என்றாள் ஓடென்தால் அம்மாள்.

"மீதியை யூட்டா முடிப்பா."

"போய்ட்டு வா. நான் இங்கயே அடைகாத்துட்டு இருக்கேன்."

பஸ் டிரைவர் சிவப்பு மூக்கு ஒட்டியிருந்தான். ரோஸ்விதாவைத் தவிர பஸ்ஸில் இரண்டு பேர், இருவரும் சூனியக்காரி வேஷம். வளைவு வளைவாக இறங்கும்போது அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் சிவப்பு. பாலத்தருகே பஸ் நின்றது. இறங்கினாள்.

ஆற்றை முதலில் பார்த்தாள். பார்க்காமல் அந்தப் பாலத்தைக் கடக்க முடியாது. முழங்கால் அளவுத் தண்ணீர், ஓரமெல்லாம் உறைந்து கண்ணாடியாக இருந்தது. ஒரு வாத்து ஐஸ் மேல் வழுக்கி நடந்துகொண்டிருந்தது. இதுவா அது? இந்தச் சின்ன ஓடையா அத்தனையும் செய்தது? அவளால் நம்ப முடியவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

வீடு உயரமான கல் மேடை மேல் நின்றது. வெள்ளைச் சுவர், சாம்பல் நிறக் கூரை. எகானுடைய வீட்டின் சாயல் ஒன்றுகூட இல்லை. அது அவளுக்கு ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது. படியேறப் போனவள் ஜன்னலைப் பார்த்து நின்றாள்.

எல்லா ஜன்னலும் உள்ளேயிருந்து வெள்ளையாக மூடிக் கிடந்தன. அந்த வெள்ளையைக் கிழித்துக்கொண்டு கண்ணாடி நெடுகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு ஜன்னலிலும்.

சாவியைத் திருப்பினாள். கதவு திறந்ததும் சூடான ஈரக் காற்று முகத்தில் அடித்தது. நிலைப்படிக்கு மேலேயிருந்து சொட்டு ஒன்று கழுத்தில் விழுந்தது. உள்ளே தரை கருப்பாக, நனைந்து, கூடத்திலிருந்து கடைசி அறை வரை பளபளவென்று கிடந்தது. சுவரோரமெல்லாம் சொட்டும் சத்தம்.

மறுபடியும் வந்துவிட்டது.

அவ்வளவுதான் அவளுக்குத் தோன்றியது. காலைப் பின்னுக்கு எடுத்தாள். படியில் உட்கார்ந்து தெக்லாவைக் கூப்பிட்டாள்.

"உள்ள தண்ணி வந்திருக்குடி. வீடு பூரா தண்ணி."

தெக்லா மெதுவாக, காய்ச்சல்காரர்களிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"அத்தை, கேளுங்க. அது வந்த தண்ணி இல்ல. போற தண்ணி."

"என்ன சொல்ற?"

"தரைக்கு சிமெண்ட் காரை போட்டாங்கல்ல? குழம்பு மாதிரி கலக்கித்தான் போட்டாங்க. மேல காஞ்சு கல்லாட்டம் ஆனாலும், கலந்த தண்ணி பாதிக்கு மேல உள்ளயே உக்காந்திருக்கும். இப்ப காரைக்கு அடியில குழாய்ல வெந்நீர் ஓடுது. அந்த சூட்டுல உள்ள இருக்கிறது பூரா மேல வருது. ஆவியா எழுந்து ஜன்னல்ல ஒட்டிக்குது. திறந்து விட்டா வெளிய போயிடும்."

"எவ்வளவு தண்ணி?"

"குளிக்கிற தொட்டி அஞ்சாறு ரொம்புமாம்."

"இந்தத் தரைக்குள்ளயா?"

"இந்தத் தரைக்குள்ளதான். காலை வெச்சுப் பாருங்க அத்தை. நனைஞ்ச மாதிரி தெரியும், கால்ல ஒட்டாது. பூட்ஸைக் கழட்டிட்டுப் போங்க, ஐஸ் உருக ரோட்டுல போட்ட உப்பு அதுல ஒட்டியிருக்கும்."

ரோஸ்விதா பூட்ஸைக் கழற்றினாள். கதவுக்குப் பக்கத்தில் ஆண்பிள்ளை போடும் கம்பளிச் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. அன்ஸ்காருடையது போலும் என்று ஒதுக்கி வைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள்.

தரை வெதுவெதுப்பாக இருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து விறைத்துக் கிடந்த பாதம். அதன் அடியில், காலுறைக்குள், மெள்ள மெள்ள ஒரு சூடு ஏறியது. அடுப்பின் சூடு ஒரு பக்கம் சுடும், மறுபக்கம் ஆறும். இது அப்படியில்லை. யாரோ இப்போதுதான் எழுந்து போன படுக்கையில் கை வைத்தால் இருக்குமே, அந்தச் சூடு. கூடம் முழுக்க, கண்ணுக்கெட்டிய வரை, அப்படியே இருந்தது. இன்னொரு காலையும் எடுத்து வைத்தாள். காலைத் தூக்கி அடியைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமில்லை.

"தெக்லா."

"சொல்லுங்கத்தை."

"ஒண்ணுமில்ல. வைடி. நான் பாத்துக்கறேன்."

ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். கைப்பிடியைத் தொட்டதுமே தேங்கியிருந்த தண்ணீர் சட்டைக் கைக்குள் ஓடி முழங்கை வரை போயிற்று. அடுத்த ஜன்னல், அதற்கடுத்தது. மாடியில் நான்கு. ஒன்று மட்டும் அடம் பிடித்தது, தோளால் முட்டித் திறந்தாள். கடைசி ஜன்னலைத் திறந்துவிட்டுத் தலையை வெளியே நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வீடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

கீழேயும் மேலேயும், திறந்த ஜன்னல் ஒவ்வொன்றிலிருந்தும் வெண்புகை திரளாகப் புறப்பட்டது. குளிரில் பட்டதும் அது பருத்துப் புரண்டது. சுவரைத் தழுவிக்கொண்டு மேலேறி, கூரை விளிம்பில் ஒன்று சேர்ந்து, வெயிலில் தங்க நிறமாகி, தெருவைத் தாண்டி ஆற்றுப் பக்கம் மிதந்து போனது. நிற்கவே இல்லை. இதோ தீர்ந்துவிடும், இதோ தீர்ந்துவிடும் என்று பார்த்தால் பின்னாலேயே இன்னும் வந்தது. ஒரு கல்தரைக்குள் இத்தனை இருக்குமா? கெட்டியாகத் தோன்றும் ஒன்றுக்குள், யார் கண்ணுக்கும் தெரியாமல், இவ்வளவு தண்ணீர் உட்கார்ந்திருக்குமா?

அவள் அறிந்த தண்ணீர் ஒன்றுதான். கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வரும் தண்ணீர். டீசலும் சேறும் நாறும் தண்ணீர். இதற்கு வாசனைகூட வேறு. மழை பெய்து ஓய்ந்த சுண்ணாம்புச் சுவரின் வாசனை. கத்தவில்லை, எதையும் இடிக்கவில்லை. கூப்பிட்டதும் எழுந்து, ஜன்னல் வழியாக வெளியே போய், ஆகாயத்தில் கரைந்துகொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் நின்றாளோ, காதுமடல் எரிந்தபோதுதான் உணர்வு வந்தது. மூட வேண்டும், சூடு போய்விடக் கூடாது. அடம்பிடித்த அந்த ஒரு ஜன்னல் மூடவும் மறுத்தது. அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சாத்திக்கொண்டு கீழே இறங்கினாள்.

கடைசிப் படியில் கால் நின்றது.

கூடத்துத் தரை அவள் விட்டுப் போனது போல இல்லை. கருப்பின் நடுவே வெளுப்பாக ஒரு கோடு கிளம்பியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் பக்கத்தில் இன்னொன்று வெளுத்தது. குழாய் ஓடும் இடமெல்லாம் முதலில் காய்கிறது என்பது அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஈர வாசலில் கோலமாவு இழை இறங்குவது போல, கையும் மாவும் இல்லாமல், தரைக்குள்ளிருந்தே இழைகள் மேலே வந்தன. சுவரோரமாகப் புறப்பட்டு, மூலையில் வளைந்து, உள்ளே இன்னொரு சுற்று, அதற்கும் உள்ளே இன்னொன்று. நடுவில் ஒரு கொக்கி போட்டுத் திரும்பி, வந்த வழியின் பக்கத்திலேயே வெளியேறியது. கூடத்தை அடைத்துப் பெரிய நத்தைச் சுருள் ஒன்று.

மூச்சுக்கூடப் பலமாக விடாமல் அந்த இழையின் மேல் கால் வைத்து நடந்தாள். இழையில் சூடு ஒரு மாற்று அதிகம். கண்ணை மூடிக்கொண்டும் நடக்கலாம் போலிருந்தது. சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து நின்றபோதுதான் அது உறைத்தது.

இந்தச் சுருள் அவளுக்குத் தெரியும்.

கல்யாணமான புதிதில் பழைய வீட்டுக்கு இதே போலக் குழாய் பதித்தபோது அவள்தான் காப்பி கொண்டுவந்து கொடுப்பாள். எகானும் அவர் தம்பியும் முட்டி போட்டுக்கொண்டு சுற்றுவார்கள். இருவருக்கும் வெந்நீர்க் குழாய் வேலைதான் தொழில். "பாம்பு மாதிரி போனா ஒரு ஓரம் சுடும், மறு ஓரம் ஜில்லுனு கெடக்கும். நத்தை மாதிரி சுத்தினா போற சூடும் வர்ற சூடும் ஒட்டி நடக்கும்" என்பார் எகான். நடுவில் திரும்பும் கொக்கியை மட்டும் தம்பியிடம் விட்டுவிடுவார். அவனுக்குத்தான் அது குழாய் நசுங்காமல் வரும்.

பின்னால் கதவு திறந்தது.

"யாரு, தெக்லாவா? ஜன்னலைத் திறந்துட்டியா? நான் வர்றதுக்குள்ள..."

குரல் நின்றது. ரோஸ்விதா திரும்பினாள்.

வாசலில் கிஸ்பெர்ட் நின்றிருந்தான். எகானின் தம்பி. கோட்டுக்குள் வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை. அந்த டையில் பாதிதான் இருந்தது. இந்தத் திருவிழாவில் ஆண்களின் டையை வெட்டுவது பெண்களின் வழக்கம்; கத்தரிக்கோலோடு அலையும் யாரோ வெட்டியிருக்கிறார்கள். மீதித் துண்டு நெஞ்சில் நாக்கு போலத் தொங்கியது.

"அண்ணி" என்றான்.

எகானை அடக்கம் செய்த நாளில் கல்லறை வாசலில் அவன் கை நீட்டியபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவனை இவ்வளவு கிட்டத்தில் இப்போதுதான் பார்க்கிறாள். தலை முழுக்க நரைத்திருந்தது.

"நீ இங்க என்ன பண்ற?"

"தினம் வருவேன். குழாய்ல தண்ணி அழுத்தம் சரியா இருக்கான்னு பாக்க. இன்னிக்கு முனிசிபல் ஆபீஸ்ல மாட்டிக்கிட்டேன். பொம்பளைங்க விடல." டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"இது நீ போட்டதா?" அவள் தரையைக் காட்டினாள்.

"அன்ஸ்கார் கேட்டான்."

"எனக்குத் தெரியக்கூடாதுன்னும் கேட்டானா?"

"ஆமா."

"தெக்லாவுக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"எல்லாருமா சேந்து என்னை முட்டாளாக்கியிருக்கீங்க."

"ஆமாண்ணி" என்றான் அவன். சாக்குப்போக்கு எதுவும் சொல்லவில்லை. கம்பளிச் செருப்பைத் தேடி எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டான். "மாடியில ஒரு ஜன்னல் திறந்து கெடக்கு. தெருவுலேர்ந்து பாத்தேன். அதைத் தூக்கிப் பிடிச்சு இழுத்தாத்தான் மூடும். மூடிட்டு நான் போயிடறேன். நீங்க போக வேண்டாம், இருங்க."

அவளைத் தொடாமல், சுவரோரமாக ஒதுங்கி, படியேறத் தொடங்கினான். இடது முழங்கால் மடங்க மறுத்தது. அந்த முதுகைப் பார்த்தபோது ரோஸ்விதாவுக்கு இத்தனை நாள் தொண்டையில் நின்றது வெளியே வந்துவிட்டது.

"அன்னிக்கு நீ கூப்பிடாம இருந்திருந்தா அவர் வெளிய போயிருக்கவே மாட்டார்."

கிஸ்பெர்ட் படியில் நின்றான். மெதுவாகத் திரும்பினான்.

"எங்க கூப்பிட்டேன்?"

"போன்ல. நீ போன் பண்ணி வரச் சொன்ன. அவர் போனாரு."

"நான் கூப்பிடலண்ணி."

"பொய் சொல்லாத. என் காதால கேட்டேன். போன் அடிச்சுது. கூடத்துல நின்னு பேசினாரு. 'சரி சரி, நான் பாக்கறேன்'னாரு. பூட்ஸைப் போட்டுக்கிட்டு, 'தம்பி வீடு வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்'னு சொல்லிட்டுப் போனாரு. அதுதான் கடைசி."

கிஸ்பெர்ட்டின் கை படியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தது. கைப்பிடி இன்னும் சரியாகப் பொருத்தவில்லை, ஆடியது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"என் போன் முதல்லயே தண்ணியில போயிடுச்சு. கார் நிறுத்தற கொட்டாயிலேர்ந்து சாமானைத் தூக்கறப்பவே. அதுக்கப்புறம் நான் கொட்டாய்க் கூரை மேல ஏறிட்டேன். விடியற வரைக்கும் அங்கதான். அண்ணன் என்னைத் தேடி வந்தாருங்கறதே..." ஆடும் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தான். "அது எனக்கு இப்பத்தான் தெரியுது."

ரோஸ்விதா அவனையே பார்த்தாள். அவளுக்கு முப்பது வருஷமாக அந்த முகம் தெரியும். சீட்டாட்டத்தில்கூட அதற்குப் பொய் சொல்ல வராது.

"அப்போ நான் எதுக்கு உன்கூடப் பேசலைன்னு நெனச்ச?"

"நான் பொழச்சிட்டேன், அவர் போயிட்டாரு. அதுக்குன்னு நெனச்சேன்." தரையைப் பார்த்தபடி சொன்னான். "அது நியாயமாத்தானே இருந்துது. அதான் கேக்கல."

தெருக்கோடியில் திருவிழாக் கூட்டத்தின் தாரை ஊதும் சத்தம் கேட்டு ஓய்ந்தது. மூடிய ஜன்னல்களில் மறுபடி மெல்லிதாக ஆவி படர ஆரம்பித்திருந்தது. தரை தன் வேலையை நிறுத்தவில்லை. கூடத்துச் சுருள் இப்போது முழுசாக வெளுத்துவிட்டது. பக்கத்து அறையில் இன்னொரு சுருள் தலைகாட்டிக்கொண்டிருந்தது.

நாற்காலி ஒன்றும் இல்லாத வீடு. நின்ற இடத்திலேயே, சுருளின் நடுவில், ரோஸ்விதா தரையில் உட்கார்ந்தாள். சூடு பாவாடை வழியாக ஏறி இடுப்பைத் தொட்டது. இத்தனை வருஷம் ஒரு ஆளை வெறுத்திருக்கிறாள். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக வெறுத்திருக்கிறாள். அந்த வெறுப்பு இருந்ததால்தான் படுக்கையை விட்டு எழுந்த நாள்கூட உண்டு. இப்போது அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தால் கையில் ஒன்றும் அகப்படவில்லை.

கிஸ்பெர்ட் மாடிக்குப் போய் ஜன்னலை மூடிவிட்டு வந்தான். போகிறேன் என்றவன் போகவில்லை. அவளும் போ என்று சொல்லவில்லை. சற்றுத் தள்ளி, முழங்காலை நீட்டி, அவனும் தரையில் உட்கார்ந்தான்.

"கொக்கி நல்லா வந்திருக்கு" என்றாள் அவள், பேச்சு எங்கே போகிறது என்று தெரியாமலே.

"நீங்க அதும் மேலதான் உக்காந்திருக்கீங்க."

"தெரியும்."

மூலையில் ஒரு சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுத் தரையில் ஒட்டியிருந்தார்கள். அது என்ன என்று அவள் கண்ணாலேயே கேட்டாள்.

"உள்ள ஈரம் இருக்கான்னு அதுதான் சொல்லும். போய்ப் பாருங்க."

முட்டி போட்டபடியே நகர்ந்து போய்க் குனிந்தாள். தாளுக்கு அடியில் கடுகு மணி போல நூற்றுக்கணக்கான சொட்டுகள். மேலே தரை கல்லாக இருந்தது. விரலால் தட்டினாள், கல்லின் சத்தம்தான் வந்தது. அந்தக் கல்லிலிருந்துதான், அவள் பார்க்கப் பார்க்க, ஒரு சொட்டு பக்கத்துச் சொட்டோடு கூடிப் பெரிதாகி நடுங்கியது. ரோஸ்விதா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மாதா கோயிலில் மெழுகுவர்த்தி முன்னால் முழங்காலிட்டபோதுகூட அவள் இவ்வளவு அடங்கி இருந்ததில்லை.

"இன்னும் நிறைய இருக்கு" என்றாள்.

"இருக்கு. அவசரப்பட்டு சூட்டை ஏத்தினா தரை வெடிச்சிடும். இன்னிக்கு வரைக்கும் ஏத்தியாச்சு. இனிமே கொஞ்சம் கொஞ்சமா எறக்கணும். தாளுக்கடியில ஒரு சொட்டுகூட இல்லாத அன்னிக்குத்தான் மேல மரப்பலகை போடலாம்."

"கிஸ்பெர்ட், அப்போ அன்னிக்குப் போன் பண்ணது யாரு?"

அவன் யோசித்தான். யோசித்த இடத்தில் எதையோ தொட்டுவிட்டது போல முகம் மாறியது. "தெரியலண்ணி" என்றான். இந்த முறை அவள் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

வெளிச்சம் சாய்ந்த நேரத்தில் தெக்லாவின் கார் வந்து நின்றது. பேக்கரிப் பை ஒன்றைப் பல்லில் கவ்விக்கொண்டு, தோளால் கதவைத் தள்ளி உள்ளே வந்தவள், கூடத்தில் கண்ட காட்சியில் பையைக் கையில் வாங்கிக்கொண்டாள். மாமியாரும் சின்ன மாமனாரும் வெறும் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைச் சுற்றி அறை அறையாக வெண்சுருள்.

"கடவுளே" என்றாள். பிறகு, "சண்டை முடிஞ்சுதா, இல்ல இனிமேதானா?"

"உனக்கும் எனக்கும் உள்ளது தனி. அதை அப்புறம் வெச்சுக்கலாம்" என்றாள் ரோஸ்விதா. "உள்ள வா. கதவைச் சாத்து."

தெக்லா பூட்ஸைக் கழற்றினாள். பையைத் திறந்து ஜாம் வைத்த பொரித்த பன்னை ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். சர்க்கரைத் தூள் தரையில் உதிர்ந்தது. யாரும் கவனிக்கவில்லை.

"தெக்லா, ஒண்ணு கேக்கறேன். உனக்குத் தெரிஞ்சா சொல்லு, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. வெள்ளத்தன்னிக்குச் சாயங்காலம் உன் மாமனாருக்குப் போன் பண்ணது யாரு?"

தெக்லா பன்னைக் கடிக்கப் போன வாயை மூடினாள். கிஸ்பெர்ட்டைப் பார்த்தாள், அவன் தரையைப் பார்த்தான். ஆஸ்பத்திரியில் எத்தனையோ வீட்டாருக்கு எத்தனையோ சேதி சொன்னவள் அவள்.

"அத்தை, அதை..." விரலில் ஒட்டிய சர்க்கரையைத் துடைத்தாள். "அதை அன்ஸ்கார்தான் உங்ககிட்ட சொல்லணும்."

ரோஸ்விதா கையிலிருந்த பன்னைப் பைக்குள் திரும்ப வைத்தாள். மகன் ஏன் ஊரார் பேச்சைக் கேளாமல் இதே இடத்தில் வீடு கட்ட வேண்டும் என்று நின்றான், லீவு நாளில்கூட ஏன் இங்கே வந்து கல் சுமந்தான், அவள் முகத்தைப் பார்த்து ஏன் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை என்பதெல்லாம் அவளுக்குள் ஒவ்வொன்றாக இடம் தேடி உட்கார்ந்துகொண்டிருந்தன. அப்பாவை வெளியே அனுப்பிய அந்த ஒரு போனை அவனும் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறான். கல்லாட்டம் இருந்துகொண்டு, உள்ளே.

"எப்ப வர்றான்?"

"சனிக்கிழமை காலை ரயில்ல."

"ரயிலடிக்கு நீ போக வேண்டாம். நேரா இங்க வரச் சொல்லு. அவன் வர்ற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். ஒரு மெத்தையைக் கொண்டுவந்து போடு."

தெக்லாவும் கிஸ்பெர்ட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மெத்தை போடக்கூடாதண்ணி" என்றான் கிஸ்பெர்ட் தயங்கி. "தரை மூச்சு விடணும். மூடினா அந்த இடத்துல ஈரம் தங்கிடும்."

"அப்போ நாற்காலி."

"ரெண்டு நாள் நாற்காலியிலயா அத்தை?"

"ஜன்னல் திறக்க ஆள் வேணும்னு நீதானே கூப்பிட்ட?"

கிஸ்பெர்ட் எழுந்தான். பாதி டையோடு, முழங்காலை இழுத்துக்கொண்டு, தன் வீட்டிலிருந்து நாற்காலி எடுத்துவரத் தெருவில் இறங்கிப் போனான். ரோஸ்விதா ஆற்றைப் பார்த்த ஜன்னலிடம் போய், வழியும் தண்ணீரைத் தன் சட்டைக் கையால் துடைத்தாள்.